எந்த அச்சு நல்லது என்று ஊருக்குச் சொல்லும் மகனுக்கு

குணா,

நன்றாக இருக்கிறாயா என்று கேட்கப் போவதில்லை. நன்றாகத்தான் இருக்கிறாய், வீடியோவில் பார்த்தேன். முடியை ஒரு பக்கம் ஒட்ட வெட்டிக்கொண்டு, கறுப்பு டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு, பின்னால் நீல விளக்கு எரிய, "டீ-ஷர்ட் பிசினஸ் ஆரம்பிக்கப் போறீங்களா? எந்த பிரிண்டிங் எடுக்கிறதுன்னு குழப்பமா?" என்று சிரித்தபடி ஆரம்பிக்கிறாய். முதலில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கடையில் தாம்பூலப் பைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தவள், கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, உன் நைனாவையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்துப் பார்த்தேன். பாதி ஓடும்போதே அவர் எழுந்து வெளியே போய்விட்டார். நான் கடைசிவரை பார்த்தேன். என் காதில்தான் கோளாறோ என்று இன்னொரு தடவையும் போட்டுப் பார்த்தேன். காதில் கோளாறு இல்லை. "எங்க ஊர்ல ஒரு பெருசு" என்றுதான் சொல்லியிருக்கிறாய்.

உன்னைப் போனில் கூப்பிட்டுத் திட்டியிருக்கலாம். "மீட்டிங்ல இருக்கேம்மா" என்று வைத்துவிடுவாய். வீட்டு விஷயத்தை வீட்டுக்குள் பேசுவோம் என்று உன் நைனாவும் சொன்னார். வீட்டு விஷயத்தைத் தெருவுக்குக் கொண்டுபோனவன் நீ. யார் யாரோ பார்த்துச் சிரித்து, அடியில் சிரிக்கிற பொம்மையாகப் போட்டிருக்கிறார்கள். அதனால் நானும் தெருவில் நின்றே பதில் சொல்கிறேன். இதை நானே போனில் தட்டி, உன் வீடியோ ஓடுகிற அதே இடத்தில் போடுகிறேன். உனக்கு அவமானமாக இருந்தால் இருக்கட்டும்.

நீ சொன்ன கதை இதுதானே? ஒரு பெருசு ஆடி வெயிலில் உன் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு மலை ஏறிச்சு, மயங்கி விழுந்துச்சு, பழியைத் தூக்கி பிரிண்ட் மேல் போட்டுச்சு. ஆகவே நண்பர்களே, வாடிக்கையாளருக்கு ஒன்றும் தெரியாது, போட்டோவில் எது பளபளவென்று இருக்கிறதோ அதையே அடித்துக் கொடுங்கள், கொடுக்கும்போதே எங்கள் பொறுப்பு இல்லை என்று சொல்லிவிடுங்கள். ஏறிச்சு, விழுந்துச்சு, போட்டுச்சு. ஆட்டையும் மாட்டையும் சொல்வதுபோல.

படிக்கிறவர்களுக்கு அந்தப் 'பெருசு' யாரென்று சொல்லிவிடுகிறேன். அம்மையார்குப்பத்து முனிரத்தினம். என் பெரியம்மா மகளைக் கட்டியவர். எனக்கு பாவா, இவனுக்குப் பெரியப்பா. சொந்தமாகத் தறி வைத்து ஓட்டுகிறவர். வருஷா வருஷம் ஆடிக் கிருத்திகைக்கு அந்த ஊரிலிருந்து காவடி எடுத்துக்கொண்டு திருத்தணிக்கு நடந்து வருகிற கூட்டத்துக்கு அவர்தான் தலைவர். அந்தக் கூட்டத்துக்கு மஞ்சள் டீ-ஷர்ட் முன்பெல்லாம் அரக்கோணத்தில்தான் அடிப்பார்கள். நீ தொழிலுக்கு வந்த வருஷம், "நம்ம பையன் கடை போட்டுகினு உக்காந்துகினு இருக்கான், அவன்கிட்ட குடுக்காம வேற யார்கிட்ட குடுப்போம்" என்று ஊர்க் கூட்டத்தில் எழுந்து நின்று வாதாடினவர் அவர். சின்னப் பையனிடம் இவ்வளவு பெரிய வேலையா என்று சிலர் இழுத்தபோது, "நான் இருக்கேன்" என்றாராம். அவர் மனைவி, என் அக்கா, சொல்லித்தான் எனக்கே தெரியும். அவர் உன்னிடம் அதைச் சொல்லிக்காட்டியதே இல்லை.

பழைய காலத்து ஆள், புது மெஷினைக் கண்டால் எரிகிறாள் என்று நீ யாரிடமும் கதை விடாதே. சட்டத்தில் வலைத்துணி கட்டி, மை ஊற்றி, ரப்பர் கட்டையால் இழுத்து அடிக்கிற ஸ்கிரீன் பிரிண்டிங்கில்தான் நான் இந்தக் கடையை நடத்தினேன், சரி. கல்யாணத் தாம்பூலப் பை, ஸ்கூல் பனியன், கட்சிக்காரர்கள் தொப்பி, எல்லாம் அதில்தான். ஆனால் பிலிமில் அடித்து, பசைத்தூள் தூவி, சூட்டில் துணிமேல் ஒட்டுகிற மெஷின் வேண்டும் என்று நீ கேட்டபோது உன் நைனா யோசித்தார், நான்தான் வாங்கலாம் என்றேன். ஒரே ஒரு குழந்தைக்குப் பிறந்தநாள் சட்டையில் அதன் முகம் வேண்டும் என்று வருகிறவளிடம் நிறத்துக்கு ஒரு சட்டம் கட்ட வேண்டும் என்று சொல்ல முடியுமா? அதற்கு இந்த மெஷின் வரம். வேன் ஏற்பாடு செய்து அது வந்து இறங்கிய அன்று தேங்காய் உடைத்ததும் நான்தான். மெஷின்மேல் எனக்கு என்ன கோபம்? மெஷின் பொய் சொல்லவில்லையே.

அந்த வருஷம் பாவா கடைக்கு வந்தபோது நீயும்தான் பக்கத்தில் இருந்தாய். பருத்தித் துணி, நெஞ்சில் உள்ளங்கை அகலத்துக்கு வேலும் மயிலும், முதுகில் ஊர்ப் பெயர். சிவப்பு, பச்சை இரண்டே மை. நான் ஒன்று அடித்துக் காட்டினேன். போட்டிருந்த சட்டையைக் கழற்றிவிட்டு அங்கேயே மாட்டிப் பார்த்தார். கையைத் தூக்கினார், இறக்கினார். "போட்டமாதிரியே தெரியலம்மா, இதே மாதிரி அடிச்சிடு" என்றார். நீ தலையாட்டினாய். அதற்குள் உன் நைனாவுக்குக் கண் ஆபரேஷனுக்கு வேலூரில் நாள் கிடைத்துவிட்டது. சட்டம் கட்டி, மை கலந்து, மூடிவைத்துவிட்டுத்தான் நான் கிளம்பினேன். கடைப் பெண்களோடு சேர்ந்து இழுத்து அடித்து, சூடு காட்டி எடுக்க வேண்டியது மட்டும்தான் உன் வேலை.

நீ என்ன செய்தாய்? மஞ்சள் பருத்தி டீ-ஷர்ட் வர ரெண்டு நாள் தாமதமாகும் என்று திருப்பூர்க்காரர் சொன்னதும், கையில் கிடைத்த பாலியஸ்டரை வாங்கினாய். அதில் என் மை பிடிக்காது என்று உனக்குத் தெரியும். பிலிமில் அடித்து ஒட்டினாய். அதையாவது சின்னதாக ஒட்டினாயா? தோகை விரித்த மயில், கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் ஒரே பாளமாக. முதுகில் மலையும் கோபுரமும், அதுவும் ஒரே பாளம். எதற்கு? போட்டோவுக்கு. இணையத்தில் நம் கடைப் பக்கத்தில் போட்டால் பத்துப் பேர் ஆர்டர் கொடுப்பார்கள் என்பதற்கு. ஆஸ்பத்திரியிலிருந்து நான் கூப்பிட்டுக் கேட்டபோது, "எல்லாம் போய்கினு இருக்குதும்மா, நீ நைனாவைப் பாரு" என்றாய். வாங்க வந்த பாவா துணியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இன்னாடா குணா, வழவழன்னு இருக்குது?" என்று கேட்டார். "புது டெக்னிக், பெரியப்பா. அதே துணிதான், அம்மா காட்டினதுதான்" என்றாய். பெற்ற மகன் சொன்னதுபோல நம்பிக் கட்டித் தூக்கிக்கொண்டு போனார். கடைப் பெண்கள் பிறகு என்னிடம் சொன்ன இந்தப் பேச்சை மட்டும் ஏன் உன் வீடியோவில் காணோம்?

கிருத்திகைக்கு முந்தின நாள்தான் நாங்கள் வேலூரிலிருந்து திரும்பினோம். மூட்டைகள் போய்விட்டிருந்தன. கடையில் சட்டங்கள் மூடினபடியே இருந்ததை நான் கவனித்திருந்தால் அப்போதே கேட்டிருப்பேன். உன் நைனாவுக்குச் சொட்டு மருந்து விடுவதிலேயே என் பொழுது போய்விட்டது. மறுநாள் நம் தெருப் பெண்களோடு சேர்ந்து படிக்கட்டில் மோர் ஊற்றப் போனேன். பம்பைச் சத்தமும் அரோகராவும் காதைப் பிளந்தன. உச்சி வெயிலில் படி கொதித்தது. கீழே இருந்து மஞ்சள் கூட்டம் ஏறி வருவது தெரிந்தது. மயில் நெஞ்சில் எவர்சில்வர் தட்டுபோல மின்னியது. நம் அம்மையார்குப்பத்து ஆட்கள்தான் என்று தெரிந்ததும் முதலில் நான் நினைத்தது என்ன தெரியுமா? என் பிள்ளை என்ன அழகாக அடித்திருக்கிறான் என்று.

கிட்டே வர வரத்தான் பார்த்தேன். ஒவ்வொருத்தரும் ஒரு கையால் காவடியைப் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையால் சட்டையை நெஞ்சிலிருந்து பிய்த்துப் பிய்த்து விட்டுக்கொண்டு வந்தார்கள். பாவாவின் முகம் செங்கல்போல இருந்தது. என்னைப் பார்த்ததும் சிரிக்கப் பார்த்தார். மோர் சொம்பை நீட்டினேன். வாங்கக் கையைத் தூக்கினவர், முழங்கால் மடிந்து அப்படியே உட்கார்ந்தார். பின்னால் வந்தவர் காவடியைப் பிடித்துக்கொண்டார், இல்லாவிட்டால் அது உருண்டிருக்கும். நிழலில் இழுத்துப் படுக்கவைத்தோம். "சட்டையக் கயட்டுங்க, காத்து படட்டும்" என்று ஒருத்தர் கத்தினார். அது கழன்றால்தானே? ஈரத்தில் உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. மோருக்குக் கொத்தமல்லி நறுக்கின கத்தியை வாங்கி நான்தான் கழுத்திலிருந்து கீழே அறுத்தேன். துணியை அறுப்பதுபோல இல்லை குணா. தார்ப்பாயை அறுப்பதுபோல இழுத்து இழுத்து அறுக்க வேண்டியிருந்தது. திறந்ததும் உள்ளேயிருந்து வேர்வை தண்ணீராக வழிந்தது. மயில் ஒட்டியிருந்த இடம் முழுக்கத் தோல் சிவந்து, வேர்க்குரு கொப்புளித்துக் கிடந்தது. அந்த அறுந்த துணியை விரலில் தேய்த்துப் பார்த்தபோதுதான் நீ என்ன செய்திருக்கிறாய் என்று எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை அப்படியே சொல்கிறேன், எனக்கு வசதியாக மாற்றிச் சொல்ல மாட்டேன். வெயில், வயது, விரதத்தில் வெறும் வயிறு, காற்றே புகாத சட்டை, எல்லாம் சேர்ந்துதான் என்றார். சட்டை ஒன்றுதான் காரணம் என்று அவரும் சொல்லவில்லை, பாவாவும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. பழி போட்டார் என்கிறாயே, எப்போது போட்டார்? குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தபோது கண் திறந்து அவர் கேட்ட முதல் கேள்வி, "காவடி மேல போய்ச் சேந்துச்சா?" அவ்வளவுதான். சட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினவன் நீ. வார்டு வாசலில் நின்றுகொண்டு, உள்ளே கேட்கிற குரலில், "இந்த வெயில்ல இந்த வயசுல யாரு நடக்கச் சொன்னாங்க? டீ-ஷர்ட் மேல பழி போட்டுகினு வராதீங்க" என்றாய். அக்கா கட்டிலுக்குப் பக்கத்தில் பேப்பரால் விசிறிக்கொண்டிருந்தாள். அவள் கை ஒரு நிமிஷம் நின்றது. என்னைப் பார்த்தாள். பிறகு மறுபடி விசிறினாள். அந்தப் பார்வையை நான் இன்றைக்கும் சுமந்துகொண்டிருக்கிறேன். நீ அதை நண்பர்களுக்குச் சிரிப்புக் கதையாகச் சொல்கிறாய்.

அந்த ஊரில் ஒருத்தரும் நம் வாசலுக்குச் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். நான்தான் போனேன். வீடு வீடாகப் போய், நாங்கள் சொன்னது ஒன்று, கொடுத்தது ஒன்று என்று சொல்லி, எல்லாச் சட்டைகளையும் திரும்ப வாங்கினேன். பருத்தி வரவழைத்து, மூடிவைத்த சட்டங்களைத் திறந்து, நானும் கடைப் பெண்களும் மறுபடி அடித்தோம். உன் நைனா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்து மடித்து அடுக்கினார். கண்ணுக்கு வேலை கொடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையால் தடவித் தடவி மடித்தார். அந்த வாரம் நீ எங்கே இருந்தாய்? சென்னையில் வேலை கிடைத்துவிட்டது என்று பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாய். "பெரியப்பாகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போடா" என்றேன். "அவரு தப்புக்கு நான் எதுக்கும்மா?" என்றாய்.

எந்த அச்சு என்று நீ ஊருக்குப் பாடம் எடுக்கிறாய். உன்னை நம்பிக் கைக்காசு போட்டுத் தொழில் தொடங்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் சொல்கிறேன், அவர்களாவது கேட்கட்டும். போட்டோவில் எது பளபளக்கும் என்று பார்க்காதே. போடுகிறவர் யார் என்று கேள். வெயிலில் நிற்கிறவரா, ஏசியில் உட்காருகிறவரா? ஒரு நாள் கூத்துக்கா, வாரம் தப்பாமல் கல்லில் அடித்துத் துவைக்கவா? நிறையச் சட்டை, ரெண்டு மூன்று நிறம், பருத்தி என்றால் ஸ்கிரீன்தான், மை நூலுக்குள் இறங்கும், சூடு சரியாகக் காட்டாவிட்டால் அதுவும் துவைப்பில் போகும், ஜாக்கிரதை. கபடிப் பிள்ளைகளுக்கு பாலியஸ்டர் பனியன் என்றால் சூட்டில் நூலோடு கலந்துபோகிற சாயம் இருக்கிறது, சப்ளிமேஷன் என்கிறார்கள், மேலே ஒரு தோலும் நிற்காது, ஆனால் வெளிர்நிறத் துணியில்தான் எடுபடும். பருத்தியில் நேராக அடிக்கிற மெஷினும் இருக்கிறது, மெதுவாக ஓடும், முன்னால் ஒரு திரவம் தெளிக்க வேண்டும், அதைச் சரியாகக் காயவைக்காமல் குழந்தைகளுக்குக் கொடுத்துவிடாதே. ஒன்றிரண்டு சட்டைக்கு, கறுப்புத் துணிக்கு, போட்டோவுக்கு பிலிம் நல்லது, சின்னதாக ஒட்டு, நடுவில் இடைவெளி விட்டு ஒட்டு. எல்லாம் நல்ல முறைதான். எதற்கு எது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மாற்ற வேண்டி வந்ததா? வாங்குகிறவரைக் கூப்பிட்டு, மாற்றுகிறேன், சரியா என்று கேள். இந்த ஒரு கேள்வியை நீ பாவாவிடம் கேட்டிருந்தால், "ரெண்டு நாள் ஆவட்டும்டா, நான் சொல்லிக்கறேன்" என்றிருப்பார். அந்த மனுஷரை எனக்குத் தெரியும். உனக்கும் தெரியும்.

திருவள்ளூரில் சொந்தக் கடை போடப் போகிறேன், பிலிம் மெஷினை அனுப்பிவை என்று போன வாரம் நைனாவிடம் கேட்டாயாம். அனுப்ப மாட்டேன். பயப்பட வேண்டாம், அதை உடைத்துப் போடவும் மாட்டேன். பிறந்தநாள் பிள்ளைகளின் முகம் அடிக்க எனக்கு அது வேண்டும். உனக்குக் கடை போடத் தெரியும், மெஷின் ஓட்டத் தெரியும், விளக்கு வைத்துப் பேசத் தெரியும். தப்பு நேர்ந்தால் என்ன செய்வதென்று தெரியாது. அது தெரியாதவன் கையில் நான் எந்த மெஷினையும் கொடுக்க மாட்டேன், பெற்ற பிள்ளையாக இருந்தாலும்.

இனி நேற்று நடந்ததைச் சொல்கிறேன், அதற்காகத்தான் இவ்வளவும் எழுத உட்கார்ந்தேன். பாவா கடைக்கு வந்தார். வீடியோவை அவர் வீட்டிலும் பார்த்திருக்கிறார்கள். அவர் முகத்தைப் பார்க்க முடியாமல் நான் மடித்த பைகளையே மறுபடி மடித்துக்கொண்டிருந்தேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதவர்போல, "ஆடி வருதில்லம்மா, இந்த வருஷமும் நீயே அடிச்சிக் குடு. அந்த ரெண்டு கலரே போதும்" என்றார்.

"முடியாது பாவா" என்றேன்.

"ஏம்மா, வேலை ஜாஸ்தியா?"

"வேலை இன்னா பெரிய வேலை. உங்கள அவன் எப்படிப் பேசியிருக்கான்னு பாத்தீங்க இல்ல?"

"ஆங், பாத்தேன். பசங்க பேசறதுதான். நாலு பேரு சிரிக்கணும்னு பேசிட்டான். வுடு. எனக்கு அவன் மேல கோவம் இல்ல."

"உங்களுக்கு இல்லாட்டிப் போவுது. எனக்கு இருக்குது" என்றேன். "அவன் வந்து உங்க எதிர்ல நின்னு மன்னிப்பு கேக்கற வரைக்கும் உங்க ஊரு சட்டைய நான் தொட மாட்டேன். அரக்கோணத்துல குடுத்துக்கோங்க."

சமாதானம் சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அவர் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டார். "நான் அவனுக்காக ஊர்ல பேசினேம்மா" என்றார். "அது அவனுக்குத் தெரியுமா?" என்றார். எழுந்து பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்து போனார். பார், கோபமே இல்லை என்று சொன்ன மனுஷர்.

தெரியுமா என்று கேட்டாரே. உனக்குத் தெரியாது, நான்தான் இப்போது சொன்னேன். இனி உனக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறு. திருத்தணியில் இறங்கி வீட்டுக்கு வராதே, நைனா கூப்பிட்டாலும் வராதே. அம்மையார்குப்பத்துக்கு பஸ் ஏறு. முதலில் அங்கே போ. அப்புறம் வீட்டுக்கு வா.

அம்மா